காப்பிக்கு ஒரு ‘ங்க’

என் அருமைத் தம்பி துரைசாமிக்கு,

கடைசியாக நீ சொன்ன “ஒண்ணுமில்லீங்கக்கா” வலி இல்லாமல் சொன்னதா, காப்பி கிடைக்காமல் போய்விடுமோ என்று சொன்னதா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன்.

உனக்கு எழுதுவதை ஊரார் படிக்கக் கொடுக்கிறேன். மன்னித்துக்கொள். உன்னை மெச்சியவர்கள் அவர்கள்தானே, படிக்கட்டும்.

சிங்காநல்லூர் மில்லில் பெல்ட் அறுந்து உன் தலையில் அடித்தது உனக்கே நினைவில் தங்கவில்லை. காயம் ஆறியது. கையும் காலும் திரும்பின. மரியாதைக்குச் சேர்க்கும் ‘ங்க’ மட்டும் திரும்பவில்லை. மனதில் வந்தது அப்படியே வாயில் வந்தது. உடம்பு எப்படி என்று பார்க்க வந்த என் மாமனாரிடம், “வா. ஏன் நிக்கிற? உக்காரு” என்றாய். இரைச்சல் பொறுக்காவிட்டால் கத்தினாய்.

“மண்டைல அடிபட்டா மருவாதியுமா கொட்டிப்போயிரும்?” என்று பெரியப்பா கேட்டார். பூசாரியிடம் கூட்டிப்போகச் சொன்னார்கள். நான் விடவில்லை. மனோதத்துவம் படித்தவள் அல்லவா? அதில் எனக்குக் கர்வம்கூட இருந்தது.

புத்தகத்தில் இருந்த வழி சுலபமானது. நல்ல நடத்தைக்குப் பரிசு கொடு, கெட்டதைக் கண்டுகொள்ளாதே. ‘ங்க’ போட்டால் காப்பி. கத்தினால் நாங்கள் எல்லோரும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவோம். “காப்பி குடு” என்பாய். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டம்ளரில் ஆடை படியும். “காப்பி குடுங்கக்கா” என்றதும் கொடுப்பேன்.

கொஞ்ச நாளில் எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போட்டாய். எருமையிடம்கூட “தள்ளிக்கோங்க” என்றாய். கல்யாண வீடுகளில் உன்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, “மாப்ளே, இன்னொருக்கா சொல்லுங்க பாக்கலாம்” என்று சிரித்தார்கள். “அம்மணி படிச்ச படிப்பு வீண் போகலை” என்றார் பெரியப்பா. நானும் சிரித்தேன்.

பிறகுதான் அந்த வயிற்றுவலி. முதல் நாள் கத்தினாய். வழக்கப்படி நாங்கள் எழுந்து அடுத்த அறைக்குப் போனோம். மறுநாள் நீ கத்தவில்லை. வெளுத்த முகத்தோடு முழங்காலை மடித்துப் படுத்திருந்தாய்.

“வலிக்குதா கண்ணு?”

“ஒண்ணுமில்லீங்கக்கா.”

நான் காப்பி கொடுத்தேன். குடல்வால் வெடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நேரம் கடந்திருந்தது. இழவுக்கு வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? “கடைசி வரைக்கும் மருவாதியாப் போனாப்டி.” அவர்களை வெளியே போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பழக்கம்.

இங்கே ஒரு செய்தி. இன்று ருக்மணி என்றொரு பெண் என்னைத் தேடி வந்தாள். புருஷன் பழனிச்சாமி, பொள்ளாச்சியில் தேங்காய் லோடு மேலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். மரியாதையாகப் பேசினால்தான் மறுபடி வேலை என்கிறாராம் மண்டி முதலாளி. இல்லாவிட்டால் கோயிலில் கொண்டுபோய்க் கட்டிப்போடுவோம் என்கிறார்களாம் கூடப்பிறந்தவர்கள்.

“ஏனுங்கம்மா, என்ற ஊட்டுக்காரருக்கும் அந்த ‘ங்க’வ வரவெச்சுக் குடுங்க. உங்க தம்பிக்கு நல்லா வந்துச்சாமா.”

“அவன் செத்துப்போயிட்டானுங்க.”

“அது வயித்துவலிலதானுங்களே?”

நாளைக்கு அழைத்து வரச் சொன்னேன்.

தம்பி, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவருக்கு நான் முதலில் ‘ங்க’ சொல்லித் தரமாட்டேன். வலிக்குது, வேண்டாம், புரியல என்பதெல்லாம் யார் முன்னாலும் தயங்காமல் வரட்டும். கத்தினால் எழுந்து போகமாட்டேன், எதற்கு என்று கேட்பேன். முதலாளியிடம் நானே போய்ப் பேசுவேன். அவர் காதில் ஏறுமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் போவேன்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை பொள்ளாச்சி பஸ்ஸில் இருவரும் வந்தார்கள். வாசலிலேயே அவர், “நீதான் அந்தப் படிச்சவளா?” என்றார்.

“ஏனுங்க, ‘நீங்க’ன்னு சொல்லுங்க,” என்று ருக்மணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் ஒன்றும் கேட்காமல் காப்பியை அவர் கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். “சக்கரை பத்தல” என்று டம்ளரை நீட்டினார்.

ருக்மணி என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்து வந்தேன்.

உன்னைக் காப்பிக்குக் காக்க வைத்த
உன் அக்கா