ஒரே அளவில் இரண்டு சட்டை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ தைத்து அனுப்பிய சட்டைப் பார்சல் நேற்று வந்தது. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்க உனக்கு மனசு வராது என்று எனக்குத் தெரியும்.

உடம்பு இளைக்க ஆபரேஷனில் வயிற்றைச் சிறிதாக்கி ஒரு மாதம் ஓடிவிட்டது. தையல் எல்லாம் ஆறிவிட்டது. நாலு வாய் சூப் குடித்தால் தொண்டைவரை நிறைந்துவிடுகிறது. குழந்தைக்கு ஊட்டுகிற ஸ்பூன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, தண்ணீர் குடித்தால் கொஞ்ச நேரம் சாப்பிடக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்து வைப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. பசியே இல்லை, அக்கா. நாம் இருவரும் சேர்ந்து இத்தனை வருஷம் திட்டிய பசி. அது இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சொன்னால் சிரிப்பாய்.

சட்டை நிறம் அழகு. ஆனால் தொளதொளவென்று தொங்குகிறது. வழக்கம்போல உன் மேல் போட்டுப் பார்த்து, உனக்கொன்று எனக்கொன்று வெட்டியிருக்கிறாய்.

ஒன்று கேட்க வேண்டும். இதைக் கேட்டாலே நீ போனை வைத்துவிடுகிறாய். அன்று காலை இருவரும் ஒரே அறையில் ஒரே மாதிரி பச்சை கவுன் போட்டு உட்கார்ந்திருந்தோம். என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது, “கடையில அயர்ன் பாக்ஸ ஆஃப் பண்ணேனான்னு தெரியல. நீ போ, நான் பின்னாடியே வர்றேன்” என்றாய். கண் விழித்துப் பார்த்தால் பக்கத்துக் கட்டில் காலி. பயந்துதானே ஓடினாய்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் தங்கை


பிப்ரவரி 20

என் சின்னவளுக்கு,

ஆமாம், அயர்ன் பாக்ஸ்தான். கடை பற்றி எரிந்திருந்தால் நீயா வந்து அணைப்பாய்? குளுக்கோஸ் பாட்டிலோடு படுத்திருந்தவள்.

சட்டை தொளதொள என்றால் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக்கொள். ஊரில் எல்லாருக்கும் அளவெடுத்த நான் உனக்கு மட்டும் எடுத்ததே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று என் மேல் வைத்துப் பார்ப்பேன், அது உனக்குப் பொருந்திவிடும். துணி வாங்கும்போதே இரட்டிப்பாக வாங்கிப் பழகிய கை இது. இப்போது யார் மேல் வைத்துப் பார்ப்பது என்று நீயே சொல்.

பக்கத்து மருந்துக்கடைக்காரர் நேற்றுக் கேட்டார்: “தங்கச்சி பாதியா ஆயிட்டாங்களாமே, நீங்க எப்ப?” “இந்த உடம்பு எனக்கு வாடகை இல்லாம கெடச்சது, காலி பண்ண மனசில்ல” என்றேன். மனுஷன் சிரித்துச் சிரித்து மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டார், திரும்பப் போய் வாங்கி வந்தேன்.

மெதுவாகச் சாப்பிடு. நாலு வாய்க்குமேல் இறங்கவில்லை என்று அழாதே. வைட்டமின் மாத்திரையை மறக்காதே.

உன் அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன், வாடகை விஷயத்தை மட்டும். டிக்கெட் கவுண்டரில் எனக்கென்று போட்டிருந்த கைப்பிடி இல்லாத நாற்காலியை எடுத்துவிட்டார்கள். இப்போது மற்றவர்கள் உட்காரும் நாற்காலியில்தான் உட்காருகிறேன். முதல் நாள் இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருந்தது. யாரோ எழுந்து போன இடத்தில் உட்கார்ந்த மாதிரி கூச்சமாக இருந்தது.

எல்லாரும் பாராட்டுகிறார்கள். “ஆளே மாறிட்டீங்க” என்கிறார்கள். அப்படியானால் முன்னால் இருந்தவளை இவர்களுக்குப் பிடிக்கவே இல்லையா? வீட்டுக்கு வந்து அதை நினைத்து அழுதேன். அவர்கள் பார்க்காதது எவ்வளவோ இருக்கிறது. சீப்பு நிறைய முடி வருகிறது. எப்போதும் குளிர்கிறது, வெயிலில்கூட ஸ்வெட்டர். கையைத் தூக்கினால் தோல் திரைச்சீலை மாதிரி ஆடுகிறது. போன வாரம் மேலாளர் ஓய்வு பெற்றபோது ஆசைப்பட்டு ஒரு துண்டு கேக் முழுசாகத் தின்றுவிட்டேன். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, கழிப்பறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது நீ பக்கத்தில் இருந்தால் “உனக்கு இது தேவையா” என்று திட்டியிருப்பாய். அந்தத் திட்டுக்காக ஏங்கினேன்.

ஒரு விஷயத்தை மறைக்க மாட்டேன். உன் சட்டைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன், இனிமேல் பிடிக்க இடமில்லை. சம்பளம் வந்த அன்று கடையில் ஒரு சட்டை வாங்கினேன். தொங்கவிட்டிருந்ததை அப்படியே எடுத்துப் போட்டேன், பொருந்திவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது, அக்கா. உன்னிடம் பொய் சொல்ல முடியாது.

நீயும் வந்துவிடேன். இருவருமாக ஆரம்பித்தது.

உன் தங்கை


ஜூன் 2

சின்னவளுக்கு,

கடைச் சட்டை பொருந்தியது அறிந்து மகிழ்ச்சி. இங்கே உனக்காக வெட்டி வைத்திருந்த துணியை உறைகளாக்கித் தலையணைக்குப் போட்டுவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

வேலை அதிகம். அடிக்கடி எழுத முடியாது.

அக்கா


ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போனை எடுப்பதில்லை. நீ கோபப்பட்டால் படு. எனக்கும் கோபம் இருக்கிறது. எல்லா வலியும் சேர்ந்து படுவோம் என்று கையடித்துச் சொன்னவள் நீ. நடு வழியில் என்னை விட்டுவிட்டு ஓடினாய். வலித்தபோதெல்லாம் உன்னைத்தான் திட்டினேன். கோழை என்று என் சிநேகிதிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஆஸ்பத்திரி வரவேற்பில் சொல்லி உனக்காக அதே டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டேன், அடுத்த மாதம் நாலாம் தேதி. கூட வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், இந்தத் தடவை உன்னை விடுவதாக இல்லை.

உன் தங்கை


ஆகஸ்ட் 13

கண்ணே,

நாலாம் தேதி நீ அங்கே போய் நின்றால் அந்த டாக்டரே உன்னிடம் சொல்லிவிடுவார். அவர் வாயால் நீ கேட்பதைவிட நான் எழுதுவது நல்லது.

இருவருக்கும் டெஸ்ட் எடுத்த நாள் நினைவிருக்கிறதா? உன் இதயத்தைப் பார்த்து “ஒண்ணும் பிரச்சனை இல்ல” என்றார்கள். அடுத்து என்னைக் கூப்பிட்டபோது, “ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே, அக்காவுக்கு வேற தனியா எதுக்கு” என்று நீதான் முதலில் சிரித்தாய், நானும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். சட்டைக்குச் சரியாக வந்தது உள்ளே இருப்பதற்கும் சரியாக வரும் என்று இரண்டு பைத்தியங்களும் நம்பினோம்.

ஆபரேஷன் அன்று காலை, நீ குளிக்கப் போயிருந்த நேரத்தில், மயக்க மருந்து டாக்டரம்மா விடாப்பிடியாக நான் எடுக்காமல் விட்ட அந்த இதய ஸ்கேனை எடுக்க வைத்தார். பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “இதயம் ரொம்ப பலவீனமா இருக்கும்மா. மயக்கம் குடுத்தா திரும்ப எழுப்பிடுவேன்னு என்னால சொல்ல முடியாது” என்றார். நல்ல மனுஷி, கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

அப்போது நீ ஈரத்தலையோடு வந்தாய். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னோடு கிளம்பியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? உன்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் வாயில் வந்தது அயர்ன் பாக்ஸ். ஓடவில்லை, கண்ணே. கீழே பில் கட்டும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ கண் திறந்தாய் என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான், என் விஷயத்தை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் கோழை என்று நீ நினைப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன், கோபத்தில் நீ நன்றாகத் தேறி வந்தாய். உன்னைப் பார்க்க வராமல் இருந்ததும் அதனால்தான். நான் மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தால் உனக்கு எல்லாம் தெரிந்துவிடும். இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் துணி வெட்டுகிறேன்.

கடைச் சட்டை விஷயத்தில் எனக்கு வலித்தது உண்மை. உன் உடம்பு என்னை விட்டுத் தனியாகப் போய்விட்டது என்று அன்றுதான் புரிந்தது. போகட்டும் என்றுதான் உன்னை அனுப்பினேன், ஆனாலும் அழுதேன்.

தேதியை ரத்து செய்துவிடு.

உன் அக்கா


ஆகஸ்ட் 18

என் அக்காவுக்கு,

கவுண்டரில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். வரிசையில் நின்றவர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு எந்த ஊருக்கு டிக்கெட் கேட்கிறார் என்றே காதில் விழவில்லை. கடைசியில் அவரே, “பரவாயில்லம்மா, நான் அடுத்த கவுண்டர் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன்னை என்னென்ன சொன்னேன். அதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. நீ கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் மேலே உன்னைத் திட்டிக்கொண்டே கண் விழித்தேன்.

தேதியை ரத்து செய்யவில்லை. அந்த டாக்டரைக் கேட்டு அதே நாளில் இதய டாக்டரிடம் மாற்றி வாங்கியிருக்கிறேன். மருந்து இருக்கிறதாம், நாள்பட எடுத்தால் மூச்சு வாங்குவது குறைய வாய்ப்பு உண்டாம். முழுக்கச் சரியாகும் என்று அவர் சொல்லவில்லை, உன்னிடம் நானும் சொல்ல மாட்டேன். நீ இளைக்க வேண்டாம், அக்கா. எனக்கு நீ வேண்டும்.

நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன். இந்த ஏழு மாதத்தில் நீ என்னைப் பார்த்ததே இல்லை. கதவைத் திறந்ததும் யாரோ துணி தைக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, “உள்ள வாங்க, உக்காருங்க” என்று நீ சொல்லிவிட்டால் என்னால் தாங்க முடியாது. அதனால் மணியடிக்க மாட்டேன். தெருவிலிருந்தே “அக்கா” என்று கூப்பிடுவேன். குரல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

உன் தங்கை