ஞாயிறு கடை கிடையாது

நவ. 6, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. இரும்புலியூர் பக்கம் சாலையில் முழங்கால் தண்ணீராம். ஆனாலும் இட்லி மாவு வாங்க வருகிறவர்கள் குடையோடு வந்துவிட்டார்கள். வலது தோளைத் தூக்கவே முடியவில்லை. டாக்டரம்மா: "வாரத்துல ஒரு நாளாவது கைக்கு ரெஸ்ட் குடுங்கம்மா." வெளியே வந்து சிரித்தேன். கடை ஆரம்பித்ததிலிருந்து ஒரு ஞாயிறுகூட மூடியதில்லை. ஞாயிறன்றுதானே ஊரே இட்லி அவிக்கிறது.

சரி, முடிவு. இந்த ஞாயிறு கடை கிடையாது. நாள் முழுக்கப் படுக்கை.

வாங்க: வெந்தயம், பாக்கெட் கவர், தோளுக்குத் தைலம்.

நவ. 7, வெள்ளி

தூறல். 'ஞாயிறு விடுமுறை' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். ஏதோ சாவுச் செய்தி மாதிரி நின்று படிக்கிறார்கள். ஆட்டோக்காரர் ஒருவர்: "இன்னாக்கா, ஞாயித்துக்கெழமயும் அதுவுமா கட லீவு வுட்டா வூட்ல இன்னாத்த துன்றது?" உப்புமா என்றேன். முறைத்துவிட்டுப் போனார். போகட்டும்.

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் சனி, ஞாயிறு லீவு. அவர் சொல்கிறார், "சொந்தக் கடைதானே, லீவு போட்டா உன்னை யாரு கேக்கப் போறா?" இத்தனை வருடம் இது தெரியாமல் போயிற்று எனக்கு.

நவ. 8, சனி

என் கையை நானே உடைக்க வேண்டும். மதியம் வழக்கம்போல அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டிருக்கிறேன். போட்டதே நினைவில்லை. சாயங்காலம் மூடியைத் திறந்தால் உளுந்து உப்பிக் கிடக்கிறது. நாளைக்கு விற்கிற மாவுக்கானது. நாளைக்குத்தான் கடையே இல்லையே!

கொட்ட மனசு வரவில்லை. அரைத்தேன். வழிக்கும்போது தோள் கழன்று விழும் போல வலி. அழுதேன். கிரைண்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நல்லதுதான்.

மாவு அது பாட்டுக்குப் புளித்துக் கிடக்கட்டும். நாளைக்குப் படுத்தே தீருவேன்.

நவ. 9, ஞாயிறு

வெயில். எழும்போதே அவர் ஒரே உற்சாகம். "அவ்ளோ மாவு வீணாப் போவுதேன்னு அக்காவ வரச் சொல்லிட்டேன். நீயும் லீவு. ஜாலியா இருக்கும்."

வண்டலூரிலிருந்து நாத்தனார், அவர் வீட்டுக்காரர், பிள்ளைகள், கூடவே கொழுந்தனார் குடும்பம். இட்லி. பிள்ளைகளுக்கு இட்லி பிடிக்காதாம், தோசை. காரச் சட்னி, தேங்காய்ச் சட்னி, சாம்பார்.

நான் தோசை திருப்பும்போது நாத்தனார் சொல்கிறார்: "ஒரு நாள் லீவு போட்டதுக்கே உன் மொகம் எவ்ளோ தெளிவா இருக்கு பாரு கலா! மாசம் ஒரு ஞாயிறு இப்டி வெச்சுக்கலாமே."

"வெச்சுட்டா போச்சு," என்றார் என் வீட்டுக்காரர், சோபாவில் படுத்தபடியே. கரண்டி கையில் இருந்தது. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

மதியம் பிரியாணி. அப்புறம் பாத்திரம். எல்லோரும் தூங்கிவிட்டார்கள், என் கட்டிலில்கூட இடமில்லை. கீழே வந்து ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுக் கடைக்குள் உட்கார்ந்தேன். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறேன். இதை எழுதுகிறேன்.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிடுகிறார். டீ வேண்டுமாம், எல்லோருக்கும்.

"கடைல இருக்கேன்!" என்று கத்தினேன்.

உடனே அடங்கிவிட்டார். கடை என்றால் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவருக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு விடியும்போதே திறந்துவிடுவேன்.