எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்

பெரியவனுக்கு அப்பாவின் ஆசிகள். இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வழக்கம்போல. நீயும் திடமாகத்தான் இருப்பாய், பட்டாளத்தில் அதையாவது கற்றுக்கொடுத்திருப்பார்கள். அக்காவும் மாப்பிள்ளையும் புது வீட்டுக்குப் போய்விட்டார்கள், மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று தினம் ஒரு சண்டை. பட்டாளத்தை விட்ட கையோடு முனைவர் படிப்புக்கு ஊரெல்லாம் மனுப் போட்டிருக்கிறாயாம், அம்மா பூரித்துப்போய்ச் சொன்னாள். ஆராய்ச்சி அனுபவம் என்று கேட்ட இடத்தில் என்னடா ராசா எழுதினாய்? முகாமில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டதையா? கல்லூரியில் செய்தது ஒரே ஒரு சோதனை, அதிலும் குடுவையை உடைத்தாய். நான் முனைவர் பட்டம் இல்லாமலேதான் ஓய்வு பெறும்வரை வேதியியல் நடத்தினேன், எனக்கு என்ன குறைந்துபோயிற்று?

நீ உயிரை விடுகிறாயே அந்தப் பல்கலைக்கழகம், அங்கே துறைத்தலைவர் என்னோடு படித்தவர். நேற்று போனில் கூப்பிட்டு உன் அதிகாரி கொடுத்த சிபாரிசைப் படித்துக் காட்டினார். சொன்னதைச் சொன்னபடி செய்வார், எதிர்க்கேள்வி கேட்கமாட்டார் என்று எழுதியிருக்கிறார் அந்த மகராசன். ஆராய்ச்சிக்கு வருகிறவனைப் பற்றி! அதை நீயும் பெருமையாக மனுவின் மேலேயே வைத்து அனுப்பியிருக்கிறாய். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்தபின் அவர், இருந்தாலும் அந்த இயந்திரத்தைப் பத்திப் பையன் நல்லா எழுதியிருக்கான்ப்பா, வடிகட்டி ஏன் அடைக்குதுன்னு அவனாவே தேடிப் பாத்திருக்கான், ஒரு இடம் மிச்சம் இருக்கு, தாக்குப்பிடிப்பான்னு நீ ஒரு வார்த்தை சொன்னா எடுத்துக்கிறேன் என்றார். பிடிக்கமாட்டான், விட்டுவிடு என்றேன். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அப்போதிலிருந்து என்னோடு பேச்சில்லை, தட்டை மட்டும் ணங்கென்று வைக்கிறாள். வைக்கட்டும்.

உனக்கு நல்ல சேதியும் உண்டு. மாப்பிள்ளையின் கிடங்கில் வாசல் காவலுக்கு ஆள் தேடுகிறார்கள், ஒன்றாம் தேதி முதல் நீ வருவாய் என்று சொல்லிவிட்டேன். உன் அனுபவத்துக்கு அங்கே மதிப்பு இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு, நீ என்றைக்கும் நன்றாக இருக்க வேண்டும். பட்டாளத்து பூட்ஸைத் தூக்கிப் போட்டுவிடாதே, பாலிஷ் போட்டு எடுத்து வா.

உன் நல்லதையே நினைக்கும்,
அப்பா