அப்பாவுக்கு ஒரு நண்பகல்

ஜூலை 28, திங்கள்

காலையிலிருந்தே காற்று. மாடிக் கொடியில் ஒரு துணி நிற்கவில்லை. வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள் மேலே புழுதி.

சிவகாசி போய் வந்தேன். அச்சகத்தில் தீபாவளிச் சீசன் நெருக்கடி. சாட்டைப் பட்டாசுப் பெட்டி லேபிளுக்கு வரைந்த மயில் திரும்பி வந்துவிட்டது, கழுத்தில் நீலம் போதாதாம்.

வெள்ளிக்கிழமை லாமாஸ். விக்கா என்ற மேல்நாட்டு இயற்கை வழிபாட்டுக்கு வந்தபின் ஒவ்வொரு வருடமும் நான் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு செய்வது. முதல் அறுவடைத் திருநாள்: தானியத்தில் ரொட்டி சுட்டு, பூமிக்கு நன்றி சொல்லி, பகிர்ந்து சாப்பிடுவது. கொடைக்கானல் ஷீலா அக்காதான் எங்கள் சிறு வாட்ஸப் குழுவுக்கு வழிகாட்டி. இந்த முறை அவரவர் அப்பாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிறார். அப்பா இல்லாதவர்கள், அப்பா ஸ்தானத்தில் இருந்தவருக்கு.

எனக்கு அப்பா இருக்கிறார். இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். (இந்த வரியை அடித்தேன். திரும்ப எழுதியிருக்கிறேன்.)

வாங்க: கோதுமை மாவு, ஈஸ்ட், எள், கருப்பட்டி. கம்புக்கு அம்மாவிடம் கேட்க.

ஜூலை 29, செவ்வாய்

ஷீலா அக்காவிடம் ஒரு சிக்கலைச் சொன்னேன். மெழுகுவர்த்தி. அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கும் அப்பாவை உட்கார வைத்து எதிரே எப்படி ஏற்றுவது? கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது அவர் காது மடலில்கூட அலுமினியப் பொடி மினுங்கும். கொல்லைக் குழாயில் குளித்து, உடுப்பை வாளியில் முக்கிய பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். அதுவரை அம்மா அடுப்பைப் பற்ற வைக்க மாட்டாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான்.

அக்கா, தீயே வேண்டாம், சூரியனே தீதான், உச்சி வெயிலில் செய் என்றார். நல்ல யோசனை. ஆனால் உச்சி வேளையில் அப்பா வேலையில் இருப்பார். லீவு போட வேண்டும்.

சாப்பிடும்போது கேட்டேன்.

"என்ன விசேசம் தாயி?"

"உங்களுக்கு நன்றி சொல்ற விசேசம்."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அதுக்கு எதுக்கு லீவு. இப்பச் சொல்லிரு."

அம்மா பின்னாலேயே அடுக்களைக்கு வந்து, வேறு மதம் எதிலும் சேர்ந்துவிட்டேனா என்று தணிந்த குரலில் கேட்டாள். முளைப்பாரி மாதிரிதான் என்றேன். பாதி நம்பினாள்.

ஜூலை 30, புதன்

மயில் ஓகே ஆகிவிட்டது. தலைவலி. பஸ்ஸில் நின்றே வந்தேன்.

அப்பாவோடு மாரியப்பன் அண்ணனும் வேனிலிருந்து இறங்கினார். வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை செய்பவர். அம்மா சொல்லியிருந்தாளாம், தன் காட்டில் விளைந்த கம்பை அரைத்துப் பையில் கொண்டு வந்திருந்தார். உள்ளே வரவில்லை. குழாயடியில் நின்றே தண்ணீர் குடித்தார்.

அப்பாவுக்கும் புது மேனேஜருக்கும் இன்று வாய்த்தகராறு என்று அவர்தான் சொன்னார். மருந்துக் கலவை விடிகாலைக் குளிர்ச்சியோடு முடிந்துவிட வேண்டும். வெயில் ஏறின பிறகு கையே வைக்கக் கூடாது. மேனேஜருக்கு ஆர்டர் முடிய வேண்டும். டீ நேரத்துக்குப் பிறகு இன்னொரு கலவை போடச் சொன்னாராம். அப்பா அறை வாசலை மறித்து நின்றுகொண்டாராம், யாரும் உள்ளே போக முடியாதபடி.

லீவு பேச்சை நான் திரும்ப எடுத்தேன். அப்பா இந்த வாரம் தோதில்லை என்றார். மாரியப்பன் அண்ணன்தான் எனக்காகப் பேசினார்.

"அண்ணாச்சி, பிள்ள வாய்விட்டுக் கூப்பிடுது. ஒரு நா இருந்துட்டு வாங்க. எம்பிள்ளைக ரெண்டும் இப்பிடி ஒரு வார்த்த கேக்காதான்னு எனக்கு இருக்கு."

"அவன் ரெண்டாங் கலவ போடச் சொன்னா?"

"போடமாட்டேன்னு சொல்லிருவேன். என்ன, கழுத்தையா பிடிப்பான்."

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் சரி என்றார். மேனேஜருக்கு என் முன்னாலேயே போன் போட்டார். அந்தப் பக்கம் உடனே சம்மதித்துவிட்டார்கள் போல. அத்தனை சுலபமாகக் கிடைத்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஜூலை 31, வியாழன்

காற்று அப்படியே நின்றுவிட்டது. மரத்தில் இலை அசையவில்லை. புழுக்கம். சுவரில் கை வைத்தால் சூடு.

ஷீலா அக்கா மந்திர வரிகளை அனுப்பியிருந்தார். தமிழில் மாற்றிக்கொண்டிருந்தேன். "தானியத்துக்குள் இருக்கும் தகப்பனே, நீ அறுபட்டதால் நாங்கள் உண்கிறோம்." இந்த இடத்தில் பேனா ஓடவில்லை. விட்டுவிடலாமா என்று கேட்டேன். அந்த வரிதான் பண்டிகையே, தெய்வம் தன்னையே கொடுக்கிறது, அதற்குத்தான் நன்றி என்று பதில்.

விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் அந்த வரி வேண்டாம்.

இங்கே ஆடியில் எவன் அறுவடை செய்கிறான்? விதைக்கவே மழை வரவில்லை. தீபாவளிச் சீசன்தான் எங்களுக்கு அறுவடை.

மாவு பிசைந்து வைத்தாயிற்று. புளித்து மேலே வருகிறது. லாமாஸ் படங்களில் ரொட்டியை ஆள் உருவமாகச் செய்கிறார்கள். கையும் காலும் வைத்துப் பார்த்து, உடனே கலைத்து உருண்டையாக்கிவிட்டேன். அம்மா: "பிள்ளையாரு நல்லாத்தான வந்தாரு, ஏன் அழிச்ச?"

அப்பா சாப்பிட்டதும் மாரியப்பன் அண்ணனுக்குப் போன் செய்தார். பிறகு இன்னொரு தடவை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா தலைக்குக் குளித்து வெள்ளைச் சட்டை போட்டு மாடிக்கு வந்தார். அம்மாவும். வாழையிலையில் ரொட்டி, எள்ளுருண்டை, ஒரு சொம்புத் தண்ணீர், வேப்பங்கொத்து. தரை கொதித்ததால் சாக்கு விரித்தோம். திசைகளைக் கும்பிட்டேன். அப்பா கூச்சத்தோடு நானும் கும்பிடணுமா என்றார். வேண்டாம், உட்கார்ந்தால் போதும் என்றேன்.

எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. என்னவோ சொன்னேன். அவர் கைவிரல் நகங்களைப் பற்றி, எத்தனை தேய்த்தாலும் போகாத அந்தக் கறுப்பைப் பற்றி. அந்தக் கையால் எனக்குச் சடை போட்டுவிட்டது. நான் படிக்க, நான் வேண்டாம் என்ற மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல, அவர் எனக்காக நின்றது. அப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டியைப் பிட்டு முதலில் அம்மாவுக்கு, பிறகு எனக்குக் கொடுத்தார். "நல்லா இருக்கு தாயி. கம்பு வாசம்."

கீழே அவருடைய போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அது நிற்பதற்குள் அம்மாவின் போனும்.

அப்பா எழுந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. போனை இன்னும் யாரும் எடுக்கக்கூட இல்லை.

மருந்து அறை தரைமட்டம். இரண்டாம் கலவை. பக்கத்து அறைப் பெண்கள் இரண்டு பேருக்குத் தீக்காயம். மாரியப்பன் அண்ணன் இல்லை.

அப்பா அதே வெள்ளைச் சட்டையோடு போய்விட்டார். மாடியில் இலை கிடக்கிறது. எடுக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் அரசு ஆஸ்பத்திரி. பிணவறை வாசலில் கூட்டம். மாரியப்பன் அண்ணனின் மகள்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள், மூத்தவள் கல்லூரிச் சீருடையில். நேற்று பாதி வகுப்பிலிருந்து ஓடி வந்தவள், இன்னும் உடை மாற்றவில்லை. யாரையும் முகம் பார்க்க விடவில்லை. துணியால் சுற்றித்தான் கொடுத்தார்கள்.

அப்பாவும் தோள் கொடுத்தார். மயானத்திலிருந்து வந்து குளித்தார், மறுபடி குளித்தார்.

ஒன்றே ஒன்றுதான் சொன்னார், அதுவும் அம்மாவிடம். மேனேஜர் சொல்லியும் மாரியப்பன் முதலில் மாட்டேன் என்றிருக்கிறான். வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்ற பிறகுதான் உள்ளே போயிருக்கிறான். காயம்பட்ட பெண்களில் ஒருத்தி சொன்னாளாம்.

ஷீலா அக்கா: விழா எப்படி நடந்தது? மற்றவர்கள் போட்டோ போட்டிருக்கிறார்கள். பதில் போடவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தெருவில் புதுப்புடவைகள், தூக்குவாளிகள். எங்கள் வீட்டில் ரசம் மட்டும்.

மத்தியானம் மேனேஜர் காரில் வந்தார். பழம் நிறைந்த பை. சின்ன வயது. அப்பாவை அண்ணாச்சி, அண்ணாச்சி என்றே பேசினார். வழக்கு போட்டாகிவிட்டது, நாளை போலீஸ் கூப்பிடும். போர்மேன் இல்லாமல் கலவை நடந்தது என்றால் முதல் ஆளாக அப்பாவைத்தான் உள்ளே வைப்பார்கள். லீவு கொடுத்ததாகத் தனக்கு ஞாபகம் இல்லை என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு வந்த விஷயம்.

"நீங்க அங்கன இருந்தீக, தடுத்தீக, மாரியப்பன்தான் கேக்கலன்னு சொல்லிருங்க. போனவரு வந்தா மறுக்கப் போறாரு? வக்கீல நாங்க பாத்துக்கிறோம்."

யோசித்துச் சொல்வதாக அப்பா அனுப்பிவிட்டார்.

நான் அப்படியே சொல்லிவிடுங்கள் என்றேன். ஆமாம், சொன்னேன். நான்தான் லீவு கேட்டேன். அவர் ஜெயிலுக்குப் போனால் எனக்குத் தாங்காது. உங்கள் வயதுக்கு அங்கே இருக்க முடியாது, இரத்த அழுத்த மாத்திரை யார் தருவார்கள், அம்மா என்ன செய்வாள், எல்லாம் சொன்னேன்.

அப்பா கோபப்படவில்லை.

"அவனுக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு தாயி. சொல்பேச்சுக் கேக்காமத்தான் அதுக அப்பன் செத்தான்னு ஊரு சொல்லும். காலம் முச்சூடும் அதுக காதுல அது விழணுமா?"

பழப்பை கூடத்திலேயே இருக்கிறது. யாரும் தொடவில்லை. வெளியே இடி. மழை இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

அச்சகத்துக்கு லீவு சொல்லியாயிற்று. அப்பா சவரம் செய்துகொண்டார். மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் வைத்தார். போலீஸ் கூப்பிட்டு அனுப்புவதற்கு முன்னால் நாமே போய்விடலாம் என்றார். அம்மா வாசல்வரை வந்து, திரும்பி உள்ளே போனாள்.

இதை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்பா நின்றபடியே சொன்னார்: நான் அங்கே இல்லை. லீவு கேட்டேன், மேனேஜர் கொடுத்தார். மாரியப்பன் மேல் தப்பு இல்லை, அவனை மிரட்டிச் செய்ய வைத்திருக்கிறார்கள். ஏட்டு எழுதுவதை நிறுத்தி, இதைச் சொன்னால் உங்களுக்குத்தான் சிக்கல், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் அப்பா.

"சீசன் நேரத்துல எதுக்கு லீவு?"

"வீட்ல பண்டிக."

"வெள்ளிக்கிழம என்னய்யா பண்டிக?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"எம் மக கும்பிடுற பண்டிக. அப்பன்மாருக்கு நன்றி சொல்றது."

"அப்படி ஒரு பண்டிக இருக்கா?"

"இருக்குங்க. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். அப்பா கழற்றி, ஜோடியாகச் சுவரோரம் வைத்துவிட்டு லாக்கப்புக்குள் போனார்.

அம்மா போனில் கூப்பிடுகிறாள். எடுக்க வேண்டும்.