உன்னைக் கேட்காமல் சொன்ன பதில்

ஆரையம்பதி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தக்ஷாயினிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எனக்கும் புஸ்பம் மாமிக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, நீயும் அங்கே அப்படியே இருக்கக் கந்தசுவாமியார் பார்த்துக்கொள்ள வேண்டும். போனில் சொல்லக்கூடியதை ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். பதினாறு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை, எடுத்தாலும் எனக்குப் பேச வராது, அதுதான் பேனையை எடுத்தேன். மழை தொடங்கிவிட்டது, வாவியில் தண்ணீர் ஏறிக் கிடக்கிறது, தண்ணீரைக் கடலுக்கு விட முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை. இறால் நல்லாப் படுகிறதாம், நான் இறங்கவில்லை. சுகமில்லாமல் இல்லை, வலையை எடுத்துத் தோளில் போடுகிறேன், பிறகு இறக்கி வைக்கிறேன், அவ்வளவுதான். சோறு போட்டால் சாப்பிடுகிறேன், உப்புக் கூடவா குறைவா என்று தெரியவில்லை. என்ன அண்ணன் பேயறைஞ்ச மாதிரித் திரியிறாய் என்று மாமி ஏசுகிறாள். அவளுக்கு முழங்கால் நோ அப்படியேதான், கல்லடி வைத்தியர் தந்த எண்ணெயைப் பூசுகிறாள், வீடெல்லாம் அந்த மணம். நீ வைத்த கறிவேப்பிலை தழைத்து நிற்கிறது.

நடந்ததை நான் முதலிலிருந்து எழுதவேண்டும், உனக்குத் தெரிந்தது பாதிதான். உன் போன் தண்ணீருக்குள் விழுந்து, நீ மற்றப் பிள்ளைகளோடு கடலோரம் ஆய்வுக்குப் போயிருந்த கிழமை, என் நம்பருக்கு ஒரு பொம்பிளை எடுத்தார். கம்பஸிலிருந்து பேசுவதாகத்தான் சொன்னார், பொய் சொல்லக் கூடாது. பிள்ளைக்கு ஒரு பிளேஸ் கிடைச்சிருக்கு, ஆறு மாசம், தங்குற இடம் அவங்களே தருவாங்க, ஐடென்டிட்டி காட் கொப்பியும் ரெண்டு போட்டோவும் வெள்ளிக்கு முந்தி வேணும் என்றார். மகள், அந்தக் கதையை நான் முன்பும் ஒரு தரம் கேட்டிருக்கிறேன். அப்போது உனக்கு ஏழு வயது. அம்மாவைக் குவைத்துக்கு அனுப்பிய ஏஜன்சிக்காரன் நம் முற்றத்தில் கதிரையில் இருந்துகொண்டு இதையேதான் சொன்னான், பிளேஸ் கிடக்கு, தங்க இடம் தருவாங்க, போட்டோ வேணும் என்று. அவனும் தன்னை அரசாங்க ஆள் என்றுதான் சொன்னான். இரண்டு வருடத்தில் அம்மா எப்படித் திரும்பி வந்தாள் என்று உனக்குத் தெரியும், சீல் வைத்த பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை. அதனால் முதல் தரம் பிள்ளை இங்க இல்லை என்று வைத்துவிட்டேன். இரண்டாம் தரம் எங்களுக்கு ஒண்டும் தேவையில்லை என்றேன். மூன்றாம் தரம் அவளுக்குக் கலியாணம் பேசியாச்சு, இனி எடுக்காதீங்க என்றேன். சந்தோசம் ஐயா, பிள்ளை நல்லா இருக்கட்டும் என்று சொல்லி வைத்தார், நானும் நன்றி என்றேன். ஆகப் பெரிய கெட்டித்தனம் செய்ததாக அன்றைக்கு மாமியிடம் சொல்லிச் சிரித்தேன். நீ திரும்பிப் போய்ப் பார்க்க அந்த ஆய்வுகூடத்துப் பயிற்சி இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. அப்பா, அது எங்கட றுக்ஷானா மிஸ் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாய். அன்றிலிருந்து நான் இப்படி.

போன சனிக்கிழமை அந்த நம்பருக்கு எடுத்தேன். மிஸ் லீவில் ஏறாவூரில் தங்கள் வீட்டில் நின்றார், வாங்க ஐயா என்றார். வெறுங்கையோடு எப்படிப் போகிறது, கந்தப்போடி அண்ணனிடம் இறால் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். என்ன முகத்தோடு நிற்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். அவர் ஏசவில்லை, தேத்தண்ணி தந்தார், ஏசியிருந்தால் நல்லது. உங்களுக்குப் படிப்பிக்கிறவர்தான் தொழில் வழிகாட்டல் பிரிவிலும் கிழமையில் இரண்டு நாள் இருக்கிறார் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. எட்டு மாதமாக உன்னை இருத்திப் பழக்கியிருக்கிறார். நேர்முகப் பரீட்சை மாதிரி வைத்த முதல் நாள் நீ நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். விண்ணப்பத்தில் அனுபவம் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாயாம். லீவுக்குப் போனால் வீட்டில் என்ன செய்வாய் என்று அவர் கேட்க, அப்பாவோடு தோணியில் போவேன் என்றாயாம். அதை எழுது என்று எழுத வைத்தது அவர்தான், ஆறு வருடம் வாவியில் நின்றது, தண்ணீரில் உப்பு ஏறுவதும் இறங்குவதும் தெரியும், இறால் எப்போது எங்கே நிற்கும் என்று தெரியும் என்று. ஆய்வுகூடத்துக்காரர் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். நம் தோணி ஒரு கடதாசியில் ஏறிப் போயிருக்கிறது, நான்தான் அதைக் கவிழ்த்தேன். நான் அந்த ஏஜன்சிக்காரன் கதையைச் சொன்னேன். மிஸ் என் வெறும் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, நாங்க ஆள் அனுப்புற ஏஜன்சி இல்ல ஐயா, எங்க போக ஆச எண்டு அவக்கிட்ட எத்தனை தரம் கேட்டிரிக்கன் தெரியுமா, கேட்டுக் கேட்டுத்தான் இந்த இடம் பார்த்த என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. அன்றைக்கு ஏஜன்சிக்காரன் என்னைத்தான் கேட்டான், நான் ஓம் என்றேன். அம்மா குசினிக்குள் நின்றாள். போவியா என்று நான் அவளைக் கேட்கவில்லை, தேத்தண்ணி போடு என்றுதான் சொன்னேன். இப்போது உன்னைக் கேட்காமலே வேண்டாம் என்றிருக்கிறேன். பதினாறு வருடம் அவனைத் திட்டிக்கொண்டு திரிந்தேன் மகள். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

மிஸ் கடைசியாகச் சொல்லிவிட்டது இது. மாலைதீவில் நான்கு மாதப் பயிற்சி ஒன்று வந்திருக்கிறது, மீன்வளம்தான், இருபதாம் திகதியோடு விண்ணப்பம் முடிவு. நீ அந்தப் பிரிவுப் பக்கமே இப்போது வருவதில்லையாம், வியாழன் பின்னேரம் தன்னை வந்து காணட்டும் என்றார். கடல் கடந்த இடம், பாஸ்போட் வேண்டும். போன வருடம் பாஸ்போட்டுக்கு நீ பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்டபோது வெள்ளத்தில் போய்விட்டது என்றேன், கச்சேரிப் பதிவு அலுவலகத்தில் கொப்பி எடுப்போம் என்றாய், பிறகு பார்ப்போம் என்று இழுத்தேன். அது போகவில்லை. அம்மாவின் பழைய பாஸ்போட்டுக்குள் மடித்து இவ்வளவு நாளும் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன், பதிவுத் தபாலில் வருகிறது, கையெழுத்துப் போட்டு எடு. போ என்று இதை அனுப்பவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எனக்குப் பயம்தான், அது என்னோடு இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் தலையை நனைக்காதே. அம்மாவும் சாமியும் உனக்குத் துணை. வியாழக்கிழமையை மறக்காதே. கம்பஸ் படிவத்தில் என் நம்பரை வெட்டுவதென்றால் வெட்டு, கோபிக்கமாட்டேன். வெட்டாமல் விட்டால், இனி யார் எடுத்தாலும் புள்ளயக் கேட்டுச் சொல்றன் எண்டுதான் சொல்லுவன்.

உன் அப்பா,
க. நல்லரத்தினம்