அரைப்பேர்

ஐப்பசி 12, செவ்வாய்

விடாத மழை. பதுளையே ஊறிப்போய்க் கிடக்கிறது. சனிக்கிழமை அரசாங்க டாக்டர் துரை நம் மடத்தைப் பார்வையிட வருகிறாராம். கடையிலிருந்து முதலாளி ஆள் அனுப்பிச் சொன்னார். அதற்குள்:

சுவருக்குச் சுண்ணாம்பு.
கட்டிலுக்குக் கட்டில் இரண்டு முழம் இடைவெளி.
குடிதண்ணீர்ப் பானைக்கு மூடி.
வாசல் படியில் பாசி. கொத்திவிட ஆள்.

இப்போது பதினொரு பேர். எல்லாரும் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து, லயத்து வீடுகளில் இடமில்லாமல் போனவர்கள். முதலாளி கட்டிக்கொடுத்த மடம், நடத்துவது நான். விடியற்காலை மணி அடித்தால் ஒரு நிமிஷத்தில் அத்தனை பேரும் முற்றத்தில்! மணி வாங்கி மாட்டியது என் யோசனை. போன தடவை துரை அதைத்தான் மெச்சினார். சமையல்கார அங்கம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "இந்தக் கெழடுங்க வெள்ளன எந்திரிச்சு எந்த மலையில கொழுந்து எடுக்கப் போகுது?" வாய்க்கொழுப்பு. குழம்பில் உப்பு வேறு அதிகம்.

13, புதன்

கெட்ட நாள். நான் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே மூக்காயி வாசல் படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு. கொஸ்லந்தைப் பக்கத் தோட்டத்தில் இருந்தவள். இங்கே வந்து மூன்று மாதம். பிள்ளைகுட்டி கிடையாது. தூக்கியபோது அலறவில்லை. "பிந்திட்டேனுங்களா?" என்று மட்டும் கேட்டாள். வலியில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன்.

படி கொத்த வருகிறேன் என்ற ஹாலிஎல ஊர்க்காரன் வரவில்லை. சனியன். அவனைச் சொல்லி என்ன, நானே ஒரு மண்வெட்டியை எடுத்திருக்கலாம்.

துரை வந்து பார்க்கும் பார்வைப் புத்தகத்தில் எழுதியது: "முதுமைத் தளர்ச்சியால் விழுந்தாள்."

14, வியாழன்

படி கொத்தியாயிற்று. சாம்பலும் தூவியாயிற்று. வழக்கம்போல் மணி. அடித்துவிட்டு இன்றைக்குத்தான் திரும்பி நின்று பார்த்தேன். கண் தெரியாத வேலுக் கிழவர் சுவரைத் தடவிக்கொண்டு ஓடுகிறார். ஐயோ, ஓடுகிறார்! எல்லாரும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் வரிசையாக. காப்பி உள்ளேதானே இருக்கிறது, ஏன் நனைகிறீர்கள் என்று கேட்டேன். வரிசை கலையவே இல்லை.

அங்கம்மா காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "பெரட்டுங்கய்யா. விடிய மணி அடிச்சா பெரட்டுக் களத்துல வந்து நிக்கணும். நின்னாத்தான் அன்னைக்குப் பேரு போடுவாங்க. பிந்தி வந்தா அரைப்பேரு, பாதிக் கூலிதான். இன்னும் பிந்தினா வெரட்டிருவாங்க. சின்னதுலேருந்து அப்படி ஓடின காலு, ஒங்க மணிக்கு மட்டும் சும்மா கெடக்குமா?"

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. வாயாடின்னு போயிட்டீங்க."

சொன்னாள்தான். நான் கடைக்காரக் குடும்பம். பெரட்டு என்ற சொல்லைக் கல்லாவில் உட்கார்ந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒருநாளும் அதில் நின்றதில்லை. ஒழுங்கு, ஒழுங்கு என்று பூரித்துப்போனேனே, அத்தனையும் பயம். வெட்கமாக இருக்கிறது. சாப்பிடவில்லை.

15, வெள்ளி

மணியைக் கழற்றிவிட்டேன். அப்படியும் பத்துப் பேரும் விழித்துக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலு: "மணிய காணோமே, நம்மள வெளிய அனுப்பப் போறாங்களா?" ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. இனிமேல் காப்பி படுக்கைக்கே வரும், யாரையும் அனுப்பமாட்டோம் என்று. நம்பினார்களோ என்னவோ.

மூக்காயிக்குக் காய்ச்சல். எலும்பு வைத்தியர் கட்டுப் போட்டுவிட்டு, என்னை வெளியே அழைத்துக் கையை விரித்தார். உள்ளே போனதும் அவள் கேட்டாள்: "நேத்து வரிசைக்கு வர முடியலீங்க. அரைப்பேராச்சும் போடுவீங்களா?"

கஞ்சி கொண்டுவருகிறேன் என்று சொல்லி நழுவிவிட்டேன். கோழை.

16, சனி

துரை வந்தார். முதலாளியும் கூடவே, ஜரிகைத் தலைப்பாகையோடு. சுண்ணாம்பு, இடைவெளி, பானை மூடி, எல்லாம் திருப்தி. மணி எங்கே என்றார். கழற்றிவிட்டேன் என்றேன். ஒழுங்கு கெட்டுப்போகுமே என்றார். பிறகு கிழங்களைப் பார்த்து, ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். எல்லாரும் எழுந்து நின்று ஒரே குரலில், "ஒண்ணும் இல்லீங்க தொரை." போன தடவை இதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்தியவன் நான்.

மூக்காயி எப்படி விழுந்தாள் என்றும் கேட்டார். வயசு என்று சொல்லியிருந்தால் முடிந்தது. புத்தகத்தில் இருப்பதும் அதுதான். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை வாங்கி, பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "நான் அடித்த மணிக்குப் பயந்து ஓடி, நான் கவனிக்காமல் விட்ட படியில் வழுக்கி விழுந்தாள்."

முதலாளி முகம் கறுத்துவிட்டது. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வேலை நிலைக்குமோ தெரியாது.

17, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. சுள்ளென்று வெயில். அங்கம்மா கம்பளிகளைக் காயப்போடுகிறாள்.

மூக்காயிக்கு நினைவு வருவதும் போவதுமாக. பக்கத்தில் உட்கார்ந்து, பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடுவதுபோல் உரக்கக் கூப்பிட்டேன்.

"மூக்காயி!"

"வந்துட்டேனுங்க."

"முழுப்பேரு."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு, "நேத்தைக்கு?"

"நேத்தைக்கும் முழுப்பேருதான்."

"விழுந்தேனே, அன்னைக்கு?"

"அன்னைக்கும்."

"அப்ப, கொஞ்சம் படுத்துக்கிறேனுங்க."