டெல்லிக்குப் போன ஷூ

மார்ச் 3, செவ்வாய்

தையல் செக்‌ஷனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தால் டைரக்டர் பிரேம்நாத் சாரிடமிருந்து அத்தனை மிஸ்டு கால். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தே போனேன். கூப்பிட்டால், "கிறிஸ்டினா! டெல்லி திரைப்பட விழா விருது, சிறந்த துணை நடிகை, கடைசி அஞ்சு பேர்ல நீ இருக்கே!" என்று கத்துகிறார். ஆம்பூரில் ஷூ தைக்கிற நானா? நான் நடித்ததே இந்த ஒரு படம்! எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. போகட்டும்.

மார்ச் 4, புதன்

டேனரியில் தோல் பதனிடுகிற என் வீட்டுக்காரர் டேனியல் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். பிறகு, "பரிசு வந்தா மேல நடி. வரலன்னா இதோட விட்டுடு. டேனரில ஆளாளுக்கு இன்னா இன்னாவோ பேசறானுங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். பெண்டாட்டி நடித்த படத்தையே பார்க்காத மனுஷனிடம் இன்னா பேசறது? ஆனா எனக்கு நடிக்கணும். இன்னும் நிறைய நடிக்கணும்.

மார்ச் 14, சனி

சாம்பிள் செக்‌ஷன் முபஷ்ஷிராவும் ஹேமலதாவும் கேட்டில் மடக்கி ஒரு பெட்டியை நீட்டினார்கள். "ஆளுக்கு ஒரு காலா, சூப்பர்வைசருக்குத் தெரியாம செஞ்சோம்டி. டெல்லிலதான் பிரிக்கணும்" என்றாள் முபஷ்ஷிரா. "டிவில உன் மூஞ்சிய அப்புறம் பார்ப்போம். மொதல்ல காலைத்தான்" என்றாள் ஹேமா.

மார்ச் 17, செவ்வாய். டெல்லி

விழாவுக்குக் கிளம்பும்போது பிரித்தேன். மெரூன் தோல், தங்க நூல் தையல். அப்படியொரு அழகு! போட்டுப் பார்த்தால் — ரெண்டுமே வலது கால்! எங்கள் கம்பெனியில் சாம்பிள் என்றால் வலது கால் மட்டும்தான் செய்வார்கள். வாங்குகிற பார்ட்டிக்குக் காட்ட ஒன்று போதும். பழக்கதோஷத்தில் ஆளுக்கொரு வலது செய்து வைத்திருக்கிறாளுங்க. ஐயோ இயேசப்பா! சிரிக்கிறதா, அழுவுறதா? அங்கே செக்‌ஷனே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். இதைத்தான் போட்டுக்கொண்டு போகப்போகிறேன்.

மார்ச் 18, புதன்

எனக்குக் கிடைக்கவில்லை.

ஐந்து பேரையும் மேடைக்குக் கூப்பிட்டு, ஒவ்வொருவர் நடித்த காட்சியையும் திரையில் போட்டார்கள். படியேறும்போது இடது கால் மடங்கி விழப் பார்த்தேன். மணிப்பூர் அக்கா ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டார். பரிசும் அவருக்கே. அவர் பெயரைச் சொன்னதும் நான் போட்ட சத்தம் மைக்கில் கேட்டிருக்கும். நிஜமாகவே சந்தோஷம்தான். ரூமுக்கு வந்துதான் அழுதேன். விட்டுடறேன்னு தலையாட்டிட்டேனே!

பேப்பரில், நான் உணர்ச்சிவசப்பட்டுத் தடுமாறினேனாம். என் சுண்டுவிரலைக் கேட்டால் தெரியும்.

மார்ச் 20, வெள்ளி

டேனியல் ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்கே பைக்கில் வந்திருந்தார். "சொன்ன மாதிரி விட்டுடறேங்க" என்று நானே ஆரம்பித்தேன். என் பையை வாங்கி முன்னால் வைத்து வண்டியைக் கிளப்பினார். வாணியம்பாடி தாண்டி வண்டியை ஓரம் கட்டினார். "டிவில ஒரு சீன் போட்டாங்களே, காணாமப் போன புள்ளைய தேடிக்கினு ஓடுவியே... அது நீன்னே தோணல எனக்கு. யாரோ பொம்பள பாவம்னு அழுதுட்டேன்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கிளப்பினார்.

மார்ச் 21, சனி

ரெண்டும் வலது என்று சொன்னதும் முபஷ்ஷிரா தலையில் அடித்துக்கொண்டாள். இடது யார் செய்திருக்க வேண்டும் என்று இருவருக்கும் சண்டை. இன்னும் ஓயவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

புதுப்பட வசனம் வந்துவிட்டது. தங்கையாக நான். அண்ணன் வசனத்தை எனக்காக டேனியல் படிக்கிறார். ஆத்திரமாகக் கத்த வேண்டிய இடத்தை சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "சரியா வரல. இன்னொரு வாட்டி எடுக்கலாம்" என்றார்.